படத்துப் பழமும் தட்டுப் பழமும்: படக்கதையிலிருந்து வீட்டு விளையாட்டு பிறப்பது எப்படி

இரண்டு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டுக் கைபேசிகளில் ஒரு வகை விளம்பரம் அடிக்கடி வருகிறது. ஒரு படக்கதைப் புத்தகம், அதோடு வண்ணத்தாள், ஒட்டுப்படம், பஞ்சு உருண்டை, மணி எல்லாம் அடுக்கிய ஒரு பெட்டி. கதையைப் படித்துக் காட்டிவிட்டு இந்தப் பெட்டியில் உள்ளதைச் செய்ய வைத்தால் குழந்தையின் மூளை வளரும் என்கிறது விளம்பரம். வாங்கிய வீட்டில் பெரும்பாலும் அம்மாதான் கதையில் வரும் புழுவின் பொம்மையை ஒட்டி முடிக்கிறார். குழந்தை பசையை நக்கிப் பார்க்கிறது. வாங்காத வீட்டில், நம் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற கவலை.

கதைக்குப் பிறகு விளையாட்டு என்ற யோசனையில் தவறில்லை. ஆனால் எந்த விளையாட்டு உதவும், எது வெறும் அலங்காரம் என்று பிரித்துப் பார்க்க, இந்த வயதுக் குழந்தைக்குப் படம் என்றால் என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

## முதலில் சில சொற்கள்

தளர்நடைப் பருவம் என்று இங்கே சொல்வது ஏறத்தாழ ஒன்று முதல் மூன்று வயது வரை. நடை பழகி, சொற்கள் ஒவ்வொன்றாக வாயில் வந்து, இரண்டு சொல் சேர்த்துப் பேசத் தொடங்கும் காலம்.

படக்கதை நூல் என்பது படமும் சொல்லும் பாதிப் பாதியாகக் கதையைச் சுமக்கும் நூல். படத்தை மறைத்துவிட்டு வரிகளை மட்டும் வாசித்தால் கதை முழுசாக இருக்காது. எழுத்துப் பலகை, 'அ - அம்மா' அட்டை போன்றவை இதில் சேராது.

தொடர்விளையாட்டு என்பது கதையில் வந்த ஒரு பொருளையோ செயலையோ எடுத்து, புத்தகத்துக்கு வெளியே குழந்தை தன் கையால், காலால், வாயால் செய்து பார்ப்பது.

## படத்தைப் படம் என்று அறிவதே ஒரு பெரிய வேலை

பெரியவர்களுக்கு ஒரு ஆப்பிள் படம் ஆப்பிளைக் குறிக்கிறது என்பது யோசிக்க வேண்டிய விஷயமே இல்லை. குழந்தைக்கு அது படிப்படியாகக் கிடைக்கும் அறிவு.

அமெரிக்க உளவியலாளர் ஜூடி டிலோஷும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், ஒன்பது மாதக் குழந்தைகளுக்குப் பொருட்களின் படங்களைக் காட்டினார்கள். குழந்தைகள் தாளைத் தடவினார்கள், தட்டினார்கள், சிலர் படத்தில் இருந்த பொருளைப் பிய்த்து எடுக்கவே முயன்றார்கள். படப் புத்தகங்கள் அதிகம் புழங்காத மேற்கு ஆப்பிரிக்கக் கிராமம் ஒன்றிலும் இதேதான் நடந்தது. பத்தொன்பது மாதக் குழந்தைகளோ படத்தைப் பிடுங்கவில்லை. விரல் நீட்டிச் சுட்டினார்கள். இடைப்பட்ட அந்தப் பத்து மாதத்தில் குழந்தை கற்றது மிகப் பெரியது: இது எடுக்கும் பொருளல்ல, பேசும் பொருள்.

அதோடு முடிவதில்லை. 1987-இல் டிலோஷ் செய்த இன்னொரு சோதனை இன்றும் இந்தத் துறையில் அடிக்கடி பேசப்படுகிறது. ஒரு அறை, அதன் சிறிய மாதிரி ஒன்று. மாதிரி அறையில் குட்டிப் பொம்மை ஒன்றை, குழந்தை பார்க்கப் பார்க்க, நாற்காலிக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்கள். பெரிய பொம்மை பெரிய அறையில் அதே இடத்தில் இருக்கிறது, கண்டுபிடி என்பார்கள். மூன்று வயதுக் குழந்தைகள் நேரே போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகளுக்கு அது எங்கே என்று தெரியவில்லை. இத்தனைக்கும் குட்டிப் பொம்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. அதைச் சரியாக எடுத்தும் காட்டினார்கள்.

பிறகு 1997-இல் அதே சோதனையில் ஒரு சிறு மாற்றம் செய்தார்கள். இதோ இந்த இயந்திரம் அறையைச் சுருக்கிவிடும் என்று குழந்தைகளிடம் சொன்னார்கள். இரண்டரை வயதுக் குழந்தைகள் அதை நம்பினார்கள். இப்போது சின்ன அறை பெரிய அறையின் மாதிரி இல்லை, அதே அறைதான். உடனே பொம்மையைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள்.

இதன் பொருள் என்ன? ஒரு பொருளைப் பொருளாகவும், இன்னொன்றின் அடையாளமாகவும் ஒரே நேரத்தில் மனசில் வைத்துக்கொள்வது இந்த வயதில் கடினம். கையில் இருக்கும் பொம்மை எவ்வளவு கவர்ச்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு அது வேறொன்றைக் குறிக்கிறது என்பது மறைந்துபோகும்.

## இதிலிருந்து வரும் விளைவுகள்

மேலே சொன்னதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் நான்கு விஷயங்கள் தெளிவாகின்றன.

1. பஞ்சு உருண்டையில் செய்த புழு பொம்மை ஒன்றரை வயதுக் குழந்தைக்குப் புழுவின் அடையாளம் ஆகாது. அதற்கு அது பஞ்சு. பிய்க்கும், வாயில் போடும். அது குழந்தையின் தவறல்ல. அந்த விளையாட்டு மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கானது.

2. படத்தில் இருப்பதற்கு அருகில் உண்மையான பொருளையே வைக்கலாம். படத்தில் பழம் என்றால் தட்டில் பழம். படத்தில் இலை என்றால் வாசலில் இலை. பொம்மைப் பழமும் பிளாஸ்டிக் இலையும் இடையில் இன்னொரு திரையாக நிற்கின்றன. பத்ரீசியா கானியாவும் டிலோஷும் மற்றொருவரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றேகால், ஒன்றரை வயதுக் குழந்தைகள் புத்தகத்தில் கற்ற புதிய பெயரை நிஜப் பொருளுக்குக் கொண்டுபோக முடிகிறது என்றும், படம் உண்மையான பொருளைப் போல இருக்க இருக்க அது எளிதாகிறது என்றும் கண்டார்கள். கார்ட்டூன் படம்தான் வீட்டில் இருக்கிறது என்றால், நிஜப் பொருள் பக்கத்தில் இருக்க வேண்டிய தேவை இன்னும் கூடுகிறது.

3. இழுத்தால் எழும்பும் படம், அழுத்தினால் ஒலிக்கும் பக்கம் போன்றவை அதிகம் கற்றுத்தரும் என்று எண்ணிவிட வேண்டாம். 2010-இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏறத்தாழ இரண்டு வயதுக் குழந்தைகள் சாதாரணப் படப் புத்தகத்தில் கற்றதைவிட எழும்பும் படங்கள் உள்ள புத்தகத்தில் குறைவாகவே கற்றார்கள். கவனம் முழுவதும் தாளை ஆட்டுவதிலேயே போய்விடுகிறது.

4. ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்பது வீண் இல்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜெசிகா ஹோர்ஸ்ட் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதுக் குழந்தைகள் புதிய சொற்களை வெவ்வேறு கதைகளில் கேட்டபோது கற்றதைவிட, ஒரே கதையைப் பலமுறை கேட்டபோதே நன்றாகக் கற்றார்கள். ஐந்தாம் முறையும் அதே புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வரும் குழந்தையிடம் 'வேற கதை படிப்போமே' என்று கெஞ்ச வேண்டியதில்லை.

## ஒரு புத்தகத்தை எடுத்துக்கொள்வோம்

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. பல வீடுகளில் இருக்கும், பல மொழிகளில் கிடைக்கும் ஒரு நூலை எடுத்துக்கொள்வோம்: எரிக் கார்ல் 1969-இல் வெளியிட்ட பசித்த புழுவின் கதை. காகிதக் கட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தபோது, புத்தகத்தைத் துளைத்துத் தின்னும் புழு ஒன்று அவர் மனசில் தோன்றியதாம். அந்தப் புழுவைக் கம்பளிப்புழுவாக்கலாமே என்றது பதிப்பாசிரியர். பக்கங்களில் ஓட்டைகள் உள்ள அந்த நூலைக் கட்டுப்படியாகும் விலையில் அச்சிட அப்போது அமெரிக்காவில் வழி கிடைக்காமல், முதலில் ஜப்பானில் அச்சிட்டார்கள்.

கதை எளிது. திங்கள் ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பேரிக்காய், புதன் மூன்று பிளம், வியாழன் நான்கு ஸ்ட்ராபெரி, வெள்ளி ஐந்து ஆரஞ்சு. சனிக்கிழமை கேக், ஐஸ்கிரீம் என்று பத்து வகை, வயிற்றுவலி. ஞாயிறு ஒரே ஒரு பச்சை இலை, வலி போய்விடுகிறது. பிறகு கூடு, கடைசியில் வண்ணத்துப்பூச்சி.

பக்கத்தில் ஓட்டை இருக்கிறதே, அது மேலே சொன்ன மூன்றாவது விஷயத்துக்கு எதிரானது இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் பார்வையில், அந்த ஓட்டைக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் இருக்கிறது: புழு தின்ற இடம். குழந்தை விரலை விடும்போது 'தின்னது' என்ற சொல்லையே தொடுகிறது. பட்டனை அழுத்தினால் கேட்கும் பாட்டுக்கு அப்படி ஒரு காரணம் இல்லை.

இந்த நூலில் குழந்தைக்கு எட்டுபவை நான்கு: தின்பது, பழங்களின் பெயர், எண்ணிக்கை, புழு மாறுவது. கிழமைகளின் பெயரை மனப்பாடமாகச் சொல்ல வைக்கலாம், ஆனால் 'நேற்று', 'நாளை' இன்னும் சரியாகப் பிடிபடாத குழந்தைக்குச் செவ்வாய்க்கிழமை வெறும் ஓசை. அதை விட்டுவிடலாம்.

## பழமும் பேச்சும்

முதல் தொடர்விளையாட்டுக்குச் செலவே இல்லை. பேரிக்காயும் பிளமும் நம் தெருக் கடையில் எல்லா நாளும் கிடைக்காது. தேடி அலையவும் வேண்டாம். கதையின் இடத்தில் கொய்யா, வாழை, சப்போட்டா என்று வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் தட்டில் பழத்தை வைத்து, புழு செய்ததைக் குழந்தை செய்யட்டும்: கடிக்கட்டும். வாழைப்பழத் துண்டில் விரலால் ஓட்டை போடட்டும். வெட்டிய கொய்யாவை முகர்ந்து பார்க்கட்டும்.

இதில் கற்றல் நடப்பது பழத்தில் பாதி, பேச்சில் பாதி. அந்தப் பேச்சுக்கு ஒரு முறை உண்டு. அமெரிக்க உளவியலாளர் குரோவர் வைட்ஹர்ஸ்ட்டும் குழுவினரும் 1988-இல் வெளியிட்ட அந்த முறையைத் தமிழில் உரையாடல் வாசிப்பு எனலாம். பெரியவர் வாசிக்க, குழந்தை கேட்டுக்கொண்டிருப்பது மாறி, குழந்தை கதை சொல்ல, பெரியவர் துணையாக இருப்பது இதன் அடிப்படை. இரண்டு, மூன்று வயதுக் குழந்தைகளின் பெற்றோர் ஒரே மாதம் இப்படி வாசித்ததில், வழக்கம்போல் வாசித்த வீட்டுக் குழந்தைகளைவிட இவர்கள் வீட்டுக் குழந்தைகளின் பேச்சு நன்றாக முன்னேறியது. முறை நான்கு படிகள் கொண்டது: கேட்பது, ஏற்பது, நீட்டுவது, திரும்பச் சொல்ல வைப்பது.

நம் வீட்டில் அது இப்படி இருக்கும்:

"இது என்ன கண்ணு?"

"பயம்."

"ஆமா, பழம்! சிவப்புப் பழம். புழு கடிச்சிருக்கு."

"சேப்பு பயம்."

"சிவப்புப் பழம். எங்கே, நீ கடி பார்ப்போம்."

'பயம் இல்லடா, பழம்னு சொல்லு' என்று திருத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். சரியான சொல்லைத் திரும்பச் சொல்லி, ஒரு சொல்லைக் கூட்டிக் கொடுத்தால் போதும். ழகரம் வர இன்னும் காலம் இருக்கிறது.

தமிழ் வீடுகளில் இங்கே ஒரு கூடுதல் குழப்பம் வரும். புத்தகத்தில் 'புழு சாப்பிடுகிறது' என்று இருக்கும். வீட்டில் 'சாப்பிடுது' என்போம். எதை வாசிப்பது? நான் பரிந்துரைப்பது: வரியை அச்சில் உள்ளபடி வாசித்துவிட்டு, படத்தைப் பற்றிப் பேசும்போது வீட்டுப் பேச்சில் பேசுங்கள். கதை மொழி ஒன்று, பேச்சு மொழி ஒன்று என்ற வேறுபாடு காதில் பதியும். அதே கதை மொழி பின்னால் பள்ளிப் புத்தகத்தில் வரும்போது அந்நியமாகத் தோன்றாது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தையிடம் 'இப்பழத்தின் நிறம் யாது' என்ற தொனியில் கேள்வி கேட்டால் உரையாடல் அங்கேயே செத்துவிடும்.

நிலாவைக் காட்டிச் சோறு ஊட்டும் வழக்கம் நம்மிடம் உண்டு. பிள்ளைத்தமிழில் அம்புலிப் பருவம் என்றே ஒன்று இருக்கிறது. பெரியவர் விரல் நீட்ட, குழந்தை அந்தத் திசையில் பார்க்க, இருவர் கண்ணும் ஒரே பொருளில் நிற்கிறதே, படக்கதை வாசிப்பின் அடித்தளமும் அதுதான். ஆகவே பாட்டிக்குப் புத்தகம் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. படத்தைக் காட்டிப் பேசத் தெரிந்தால் போதும்.

## எண்ணுவது வேறு, எண்ணிக்கை வேறு

ஒன்று முதல் ஐந்து வரை பழம் வரும் கதை என்பதால், இதை எண் கற்பிக்கும் நூலாகவே பலர் பார்க்கிறார்கள். இங்கே ஒரு தெளிவு தேவை.

இரண்டு வயதுக் குழந்தை 'ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு' என்று பாட்டுப் போலச் சொல்லும். ஆனால் 'மூணு பழம் கொடு' என்றால் கைநிறைய அள்ளிக் கொடுக்கும். கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் இப்படிக் கேட்டுத்தான் சோதித்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டது இது: குழந்தை முதலில் 'ஒன்று' என்பதன் பொருளைப் பிடிக்கிறது, சில மாதங்கள் கழித்து 'இரண்டு', அப்புறம் 'மூன்று'. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது பெரும்பாலும் மூன்றரை வயதை ஒட்டியோ அதற்கும் பின்னரோ விளங்குகிறது. சொல் வரிசை முன்னால் ஓடுகிறது, பொருள் மெதுவாக வந்து சேருகிறது. இதில் அவசரப்படுத்த எதுவும் இல்லை.

அதனால் இரண்டு வயதில் செய்யத் தக்கது ஒன்றுக்கு ஒன்று. ஒரு ஓட்டைக்கு ஒரு விரல். ஒரு தட்டுக்கு ஒரு வாழைத்துண்டு. அப்பாவுக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று, உனக்கு ஒன்று. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, ஒவ்வொரு விரலாக மடக்கி, ஒவ்வொருவருக்கும் ஒரு வாய் கொடுக்கும் விளையாட்டு இருக்கிறதல்லவா, அதில் நடப்பதும் இதுவேதான்: ஒரு விரல், ஒரு ஆள், ஒரு வாய். பெட்டியில் விற்கும் எண் விளையாட்டுகள் பலவற்றைவிட அது இந்த வயதுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

மூன்றை நெருங்கும் குழந்தையிடம் 'புழுவுக்கு ரெண்டு பழம் கொடு' என்று கேட்டுப் பார்க்கலாம். தவறினால் 'இதோ ஒண்ணு, இதோ ரெண்டு' என்று எடுத்து வைத்துவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

## எதை வைத்து விளையாடக் கூடாது

இந்தப் பகுதியை மட்டும் கண்டிப்பாகப் படிக்க வேண்டும். விளையாட்டு யோசனை சொல்லும் காணொளிகளில் தட்டு நிறையப் பட்டாணி, கடலை, மணி கொட்டிக் குழந்தையின் முன் வைப்பதைப் பார்க்கலாம். மூன்று வயதுக்குக் கீழே இது ஆபத்து.

1. அமெரிக்கப் பொம்மைப் பாதுகாப்பு விதியில், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மையின் எந்தப் பகுதியும் 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிறு குழலுக்குள் முழுவதும் அடங்கிவிடக் கூடாது. வீட்டிலும் அதே கணக்கு. புளியங்கொட்டை, சோழி, குன்றிமணி, சப்போட்டா விதை எல்லாமே அதில் அடங்கும். குன்றிமணி நச்சும்கூட. பல்லாங்குழி இன்னும் சில வருடம் காத்திருக்கட்டும்.

2. முழுத் திராட்சை, முழு நிலக்கடலை நான்கு வயது வரை வேண்டாம். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள்.

3. தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண மணிகள் வீட்டுக்குள்ளேயே வேண்டாம். விழுங்கினால் குடலில் ஊறி அடைத்துக்கொள்ளும். பொத்தான் பேட்டரி உள்ள ஒலிப் புத்தகங்களில் பேட்டரி மூடி திருகாணியால் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள்.

வண்ணம் பூச ஆசையென்றால் மஞ்சள், பீட்ரூட் சாறு, கீரைச் சாறு போதும். கறை படியும், அவ்வளவுதான்.

திரையைப் பற்றி ஒரு வரி: உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், இரண்டு வயது முதல் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், குறைந்தால் இன்னும் நல்லது. புத்தகம் வாங்க முடியாதவர்கள் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாக எடுக்கலாம். கைபேசியில் காட்டுவதைவிட அச்செடுத்துத் தைத்துக் கொடுப்பது நல்லது.

## எலுமிச்சைச் செடியில் அதே கதை

இந்த நூலின் ஆகச் சிறந்த தொடர்விளையாட்டு நம் ஊரில் கிட்டத்தட்ட ஒவ்வொரு தெருவிலும் நடந்துகொண்டிருக்கிறது. எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலைச் செடிகளில் வண்ணத்துப்பூச்சிகள் முட்டையிடும். தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலையில்கூட. தளிர் இலைகள் ஓரத்தில் கடிபட்டிருந்தால் உற்றுப் பாருங்கள். பறவை எச்சம் போல ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் இளம்புழு. எதிரியை ஏமாற்ற அந்த வேடம். வளர்ந்ததும் வழவழப்பான பச்சையாகிவிடும். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து சிறு கொம்பு ஒன்றை நீட்டி நாற்றம் வீசும்.

முடியுள்ள கம்பளிப்பூச்சியை மட்டும் அண்டவிடக் கூடாது. முருங்கை மரத்தில் கூட்டமாக அப்பியிருப்பதன் முடி பட்டால் அரிப்பும் தடிப்பும் வரும். செடியில் பார்ப்பது வழவழப்பான பச்சைப் புழுவா என்று பெரியவர் முதலில் உறுதி செய்துகொண்டு, பிறகு குழந்தையைக் கூப்பிடலாம். தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை நம் வெயிலுக்கு ஏறத்தாழ ஒரு மாதம். தினம் காலையில் ஐந்து நிமிடம், புத்தகத்தையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். எந்தப் பக்கத்தில் இருக்கிறோம் என்று குழந்தையே காட்டட்டும். கதைக்கும் செடிக்கும் சில வேறுபாடுகள் தெரியும். நிஜப் புழு கேக் தின்னாது, தன் செடியின் இலையை மட்டுமே தின்னும். புத்தகத்தில் புழு கூடு கட்டிக்கொண்டு உள்ளே போகிறது. இழையால் கூடு கட்டுவது பட்டுப்புழு போன்ற அந்துப்பூச்சி இனங்கள். வண்ணத்துப்பூச்சியின் புழு அப்படிக் கட்டுவதில்லை, தோலை உரித்துவிட்டுத் தானே கெட்டியான கூட்டுப்புழுவாகிவிடுகிறது. இதைக் குழந்தைக்கு விளக்க வேண்டியதில்லை. 'புழு தூங்குது' என்றால் போதும். பெரியவர் தெரிந்து வைத்திருந்தால் பின்னால் கேள்வி வரும்போது உதவும்.

எல்லாப் புழுவும் பிழைப்பதில்லை. குருவி கொத்திவிடும், குளவி உள்ளே முட்டையிட்டுவிடும். ஒரு நாள் காணாமல் போனால் 'குருவி சாப்பிட்டிருக்கும்' என்று உள்ளபடியே சொல்லலாம். பசித்த புழுவைத் தெரிந்த குழந்தைக்குப் பசித்த குருவியும் புரியும். பக்கத்து இலையில் இன்னொன்று இருக்கும்.

பிழைத்தது ஒன்று இருந்தால், கூட்டுப்புழு ஒரு நாள் நிறம் மங்கி, உள்ளே சிறகின் வண்ணம் தெரியத் தொடங்கும். மறுநாள் காலையில் சீக்கிரம் எழுந்து போங்கள். வெளியே வந்த வண்ணத்துப்பூச்சி உடனே பறக்காது. கசங்கிய சிறகைத் தொங்கவிட்டு, அது விரிந்து காயும் வரை செடியிலேயே இருக்கும். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை விரித்துப் பக்கத்தில் பிடிக்க அந்த நேரம் தாராளமாகப் போதும்.